வாப்பாவின் காக்கிப் பை



வருகிற சனிக்கிழமை எங்கள் பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பறவை பார்க்கப் போகிறோம். என்ன என்ன கொண்டு வர வேண்டும் என்று பெற்றோருக்கு ஒரு பட்டியல் அனுப்பியிருந்தோம். நேற்று இரவு ஒரு வாப்பா போன் எடுத்தார். "சேர், குருவி பார்க்கப் போறதுக்குக் கத்தி என்னத்துக்கு?"

"ஆசிரியர்கள் கொண்டு வருவது" என்ற தலைப்பின் கீழ் முதலாவதாக எழுதியிருந்தது கத்தி. அவர் கேட்டது நியாயம். ஆனால் அதற்கான பதில் போனில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

எங்கள் ஊர் கற்பிட்டிக் குடாநாட்டில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் தென்னையும் தோட்டமும் முட்பற்றையும். இங்கே வளர்ந்தவர்களுக்குப் பறவை என்றால் இரண்டு வகை. கொக்கு, நாரை, உள்ளான் எல்லாம் தண்ணீர்ப் பறவை. கௌதாரி, காட்டுக்கோழி, காடை எல்லாம் மேட்டுப் பறவை. தண்ணீர்ப் பறவையை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. மேட்டுப் பறவை என்றால் அந்தக் காலத்துப் பெரியவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

எங்கள் வாப்பா கடையொன்றில் கணக்கு எழுதியவர். வேட்டை அவருடைய தொழில் இல்லை. அனுமதிப்பத்திரம் உள்ள பன்னிரண்டாம் நம்பர் துவக்கு ஒன்று இருந்தது. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை தோணியில் களப்பைக் கடந்து சேரக்குளிப் பக்கம் போவார். அக்கரையில் அவருக்கு ஒரு சிங்களக் கூட்டாளி இருந்தார். இருவரும் சேர்ந்து வில்பத்து எல்லைக்கு வெளியே உள்ள பற்றைக் காட்டில் கௌதாரி தேடுவார்கள். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் சட்டத்தையும் ஊர் வழக்கத்தையும் பெரிதாகப் பிரித்துப் பார்க்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

பயணம் சனி விடியற்காலையில். பை கட்டுவது வெள்ளி அஸருக்குப் பிறகு. பிள்ளைகள் மூன்று பேரும், காக்காவும் நடுவில் இதை எழுதுபவரும் தங்கச்சியும், பாயைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். பெருநாள் வந்தது போல இருக்கும்.

பை கொழும்புப் புறக்கோட்டையில் வாங்கிய பழைய காக்கிப் பை. அதற்குள் எது முதலில் போகும், எது மேலே கிடக்கும் என்பதெல்லாம் ஒழுங்கு.

முதலில் தோட்டா டின். களப்புக் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். அப்போதைய தோட்டாவுக்குக் கடதாசி உறை. ஈரம் பட்டால் ஊதிப்போய்க் குழலுக்குள் இறங்காது. அதனால் உம்மா கொஞ்சம் அரிசியை வறுத்து, துணியில் முடிந்து, பழைய நெஸ்டமோல்ட் டின்னுக்குள் போட்டுத் தருவார். அதன் மேல் தோட்டாக்களை அடுக்குவது எங்கள் வேலை. எல்லாம் ஆறாம் நம்பர் சன்னம், பறவைக்கு உரியது. மான், பன்றிக்குப் போடும் எஸ்.எஸ்.ஜி. தோட்டாவை வாப்பா வீட்டில் வைத்ததே இல்லை.

எத்தனை தோட்டா? ஆறு. எண்ணிப் போடச் சொல்வார். நாங்கள் சத்தமாக எண்ணுவோம். ஏழாவது ஒன்று போட்டால் என்ன என்று காக்கா ஒரு முறை கேட்டார். "ஆறு பத்தாட்டி அண்டைக்கு எங்களுக்கு எழுதல்ல, மகன்" என்றார் வாப்பா. தவறிப்போன வெடியும் கணக்கில்தான். திரும்பி வந்ததும் வெறும் உறையும் மீதித் தோட்டாவும் சேர்த்து ஆறு இருக்க வேண்டும். வெறும் உறையை மூக்கில் வைத்து மருந்து வாசம் பிடிப்பதில் எங்களுக்குள் சண்டை வரும்.

அடுத்தது உப்பும் மஞ்சளும் ஒரு சுருள். பாலாவி உப்பு. எங்கள் வெயிலில் பறவை இறைச்சி கொஞ்ச நேரத்திலேயே கெட ஆரம்பித்துவிடும். அறுத்த இடத்திலேயே குடலை எடுத்து, உள்ளே உப்பும் மஞ்சளும் தடவி, நிழலில் காற்றுப்படத் தொங்கவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் நாய்க்குத்தான் போட வேண்டி வரும்.

பிறகு தண்ணீர். அக்கரைக் கிணறுகள் சில உவர்ப்பு. அதனால் இரண்டு போத்தல் இங்கிருந்தே போகும். தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், ஒரு துண்டு கருப்பட்டி. தீப்பெட்டி தனியாகப் பொலித்தீனில். துவக்கின் அனுமதிப்பத்திரம் இன்னொரு பொலித்தீனில். தொழுவதற்கு ஒரு மெல்லிய பாய். காட்டில் கிப்லா பிடிக்க வாப்பா மேற்குப் பார்த்து நின்று, வலப் பக்கம் கொஞ்சம் திரும்புவார்.

கால்களுக்கு என்று தனி ஏற்பாடு. விடத்தல் முள் செருப்பின் அடியைத் துளைத்துக்கொண்டு வரும், அதனால் சப்பாத்து. மணல் காட்டில் சுருட்டை விரியன் கிடக்கும், அதனால் நீளக் காற்சட்டை. உண்ணிக்கு முழங்கால் வரை சவர்க்காரத்தைப் பூசி உலர விடுவார். உம்மாவுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு. "கலியாணத்துக்குப் போற மாதிரி இரிக்கி" என்பார்.

பைக்கு ஒரு இரும்புக் கொளுக்கியும் இருந்தது. அது நாய்க்காக. அக்கரைக் கூட்டாளியிடம் ஒரு வேட்டை நாய். வேட்டைக்குப் பழக்கிய பிராணிகளைப் பற்றிக் குர்ஆனில் அல்மாயிதா அத்தியாயத்திலேயே வருகிறது. வாப்பாவுக்கு அந்த நாயில் வெறுப்பு இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஆனால் நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவ வேண்டும் என்பது நாங்கள் பின்பற்றும் மத்ஹபின் சட்டம். காட்டில் அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது? பையை மரக்கிளையில் கொளுவிவிட்டால் பிரச்சினை முடிந்தது. நாய்க்கும் மரியாதை, எங்களுக்கும் சுத்தம்.

எல்லாம் போன பிறகு கடைசியாகக் கத்தி. கடைசி நிமிடம் வரை வாப்பா அதைக் கல்லில் தீட்டிக்கொண்டிருப்பார். பெருவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார். வழுக்காமல் பிடித்தால் சரி.

கத்தி ஏன் அவ்வளவு முக்கியம்? சன்னம் பட்டு விழுந்த பறவையை உயிர் இருக்கும்போதே பிஸ்மி சொல்லி அறுத்தால்தான் உண்ணலாம், செத்துப்போனால் விட்டுவிட வேண்டும் என்பதுதான் எங்கள் ஊர் ஆலிம்கள் சொல்லிவந்த ஒழுங்கு. அதனால் வெடி வைத்தவுடன் வேலை முடியாது. அதற்குப் பிறகுதான் ஓட்டமே. துவக்கு இல்லாமல் போனால் வெறுங்கையோடு திரும்பலாம். கத்தி இல்லாமல் போனால் ஒரு உயிர் வீணாகும்.

1979 ஓகஸ்ட் விடுமுறை. அந்த முறைதான் ஆண் பிள்ளைகள் எங்கள் இருவரையும் கூட்டிப் போகச் சம்மதித்தார். தங்கச்சி இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை.

ஓகஸ்ட் என்றால் கற்பிட்டியில் காற்றுக் காலம், பட்டக் காலம். வெள்ளி பின்னேரம் தீட்டி வைத்த கத்தியைக் கண்டதும் எங்களுக்குப் பட்டத்துக்கு மூங்கில் சீவ ஆசை வந்தது. எடுத்தோம், சீவினோம், ஜன்னல் கட்டையில் வைத்தோம். பிறகு உம்மா சாப்பிடக் கூப்பிட்டார். அவ்வளவுதான் ஞாபகம்.

விடியும்போது அக்கரையில் நின்றோம். கூட்டாளிக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்னது. வாப்பா எங்களை மட்டும் கூட்டிக்கொண்டு நடந்தார். கௌதாரிகள் ஒன்றுக்கொன்று சவால் விடுவது போல நாலு பக்கமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. கௌதாரி இலேசில் பறக்காது, பற்றைக்குப் பற்றை ஓடும். கிட்டப் போனால் திடீரென்று சிறகை அடித்துக்கொண்டு எழும்பும். அந்தச் சத்தத்தில் எங்கள் நெஞ்சும் எழும்பியது. ஒரு வெடி. இரண்டு பறவைகள் விழுந்தன.

ஒன்று விழும்போதே செத்துவிட்டது. மற்றது சிறகு முறிந்து மணலில் சுற்றியது. வாப்பா ஓடிப்போய்ப் பிடித்தார். ஒரு கையில் பறவை, மறு கை பைக்குள். கை பைக்குள் போனது, துழாவியது, வெளியே வந்தது, திரும்பவும் போனது. எங்களுக்குப் புரிந்துவிட்டது. காக்கா எங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தோணிக்காரரிடம் மீன் வெட்டும் கத்தி இருந்தது. வாப்பா பறவையை எங்கள் கையில் தந்துவிட்டுக் கரையை நோக்கி ஓடினார். அவர் ஓடி நாங்கள் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

கௌதாரி ஒரு கைப்பிடி அளவுதான் இருக்கும். நெஞ்சில் மெல்லிய கோடு கோடாக, யாரோ பேனையால் வரைந்தது போல இருந்தது. அதன் சூடு எங்கள் உள்ளங்கையில் பட்டது. கண்ணை மூடித் திறந்தது. நாங்கள் அதோடு பேசினோம் என்று நினைக்கிறோம். வாப்பா மூச்சு வாங்கக் கத்தியோடு திரும்பியபோது அது அசையவில்லை.

வாப்பா எதுவும் கேட்கவில்லை. மணலில் குழி தோண்டி இரண்டையும் புதைத்தார். துவக்கை முறித்து மீதித் தோட்டாவை எடுத்து டின்னுக்குள் போட்டார். டின்னில் ஐந்து. நேரம் காலை எட்டு மணி கூட ஆகவில்லை. "போவம்" என்றார்.

தோணியில் பாதித் தூரம் வந்த பிறகுதான் பேசினார். "கத்தி மறந்தது பெரிய விசயமில்ல, மகன். மனுசன் மறப்பான். அந்த உயிர் சும்மா போயிட்டுது. அதுதான்."

அடி விழுந்திருந்தால் அன்றே மறந்திருப்போம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் பாயில் உட்கார்ந்தவுடன் முதலில் கத்தியைத்தான் பைக்குள் போடச் சொன்னார். போட்டது யார் என்று பெயர் சொல்ல வேண்டும். "நாங்க போட்டம், வாப்பா."

80களின் நடுவில் நாட்டு நிலைமை மாறியது. துவக்கு வைத்திருப்பதே பயமாக இருந்த காலம். வாப்பா துவக்கைப் பொலிஸில் கையளித்துவிட்டு ரசீதோடு வந்தார். திரும்பக் கேட்டுப் போகவே இல்லை. காக்கிப் பை கதவுக்குப் பின்னால் தொங்கியது. 1988 இல் வில்பத்து மூடப்பட்டது, 2003 வரை திறக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எங்கள் சகோதரர்கள் புத்தளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பற்றைக் காடாக இருந்த பல இடங்களில் கொட்டில்கள் எழும்பின. ஓடி வந்தவர்களுக்குக் கூரை வேண்டும், அதில் யாரையும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. களப்போரத்தில் இறால் பண்ணைகள் வந்தன. தோட்டங்கள் பெருகின. ஒரு காலத்தில் நாலு பக்கமும் கேட்ட கௌதாரியை இன்று தேடிப் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பறவை நமக்கு எவ்வளவு சொந்தம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இலங்கையில் கௌதாரி எல்லா இடத்திலும் இல்லை. புத்தளம் முதல் மன்னார், யாழ்ப்பாணம் வரையான வரண்ட கரையோரம்தான் அதன் இடம். கண்டியில் இருப்பவர் அதைப் பார்க்க நம்மிடம் வர வேண்டும். அதன் விஞ்ஞானப் பெயரில் பாண்டிச்சேரி இருக்கிறது. 1789 இல் பெயர் வைக்கும்போது அந்த ஊரை வைத்து வைத்தார்கள். காட்டுக்கோழி இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை, நமது தேசியப் பறவை. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் இன்று இரண்டையும் காக்கின்றன. பிடிப்பதும் குற்றம், விற்பதும் குற்றம்.

வகுப்பில் இதைச் சொல்லும்போது சாலிம் அலியின் கதையையும் சொல்வோம். பம்பாயில் 1896 இல் பிறந்தவர், நம்மைப் போல ஒரு முஸ்லிம் குடும்பம். சிறு பையனாக மாமா கொடுத்த காற்றுத் துப்பாக்கியால் சிட்டு சுட்டுத் திரிந்தவர். ஒரு நாள் சுட்ட சிட்டின் தொண்டையில் மஞ்சள் நிறம். இது உண்ணக்கூடியதுதானா என்ற சந்தேகம் வந்தது. மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே மில்லர்ட் என்ற வெள்ளைக்காரர் அது என்ன சிட்டு என்று சொன்னதோடு நிற்காமல், அலமாரி அலமாரியாக வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். இந்தியாவின் பறவைகளைப் பற்றி உலகமே கேட்கும் ஆளாக அந்தப் பையன் வளர்ந்தது அங்கிருந்துதான். ஹலாலா என்ற ஒரு கேள்வி ஒரு மனிதரைப் பறவை விஞ்ஞானி ஆக்கியது. பிள்ளைகளுக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

இனி அந்தக் கத்திக்கு வருகிறோம்.

போன வருடம் எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை. பெயர் வேண்டாம். புத்தகப் பைக்குள் தங்கூசியில் செய்த சுருக்குகள் இருந்தன. கௌதாரிக்கு வைக்கிற கண்ணி. அவனுடைய வாப்பா கடலுக்குப் போகிறவர். காற்றுக் காலத்தில் தோணி கரையில் கிடக்கும்போது வீட்டுக்கு வருமானம் இல்லை. ஒரு சோடி கௌதாரிக்குக் காசு கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆசிரியர் அறையில் நாங்கள் மூன்று பேர் இதைப் பற்றிப் பேசினோம். ஒருவர் அதிபரிடம் சொல்வோம் என்றார். ஒருவர் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாங்களும் குற்றவாளி என்றார். இரண்டும் பிழை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு பாடசாலைக்கு வருவானா? நாங்களும் ஒரு வேட்டைக்காரரின் பிள்ளைகள்தானே. ஆறு தோட்டாவுக்கு ஒரு வரம்பு இருந்தது என்று பெருமை பேசுகிறோம். கண்ணிக்கு வரம்பு இல்லை, இரவு பகல் இல்லை, முட்டைக் காலம் என்று பார்க்காது, பிடிபட்டது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஆளும் நிற்காது. இதை அவனுக்கு யார் சொன்னார்கள்? எங்களுக்குச் சொல்ல ஒரு வாப்பா இருந்தார்.

கடைசியில் அவனுடைய வாப்பாவைப் போய்ப் பார்த்தோம். அதிகம் பேசவில்லை. தேநீர் குடித்தோம். பறவை பார்க்கப் போகும்போது வழிகாட்டியாக உங்கள் மகனை விடுங்கள் என்று மட்டும் கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அந்தப் பயணத்துக்குத்தான் காக்கிப் பையை முதல் தடவையாகக் கதவிலிருந்து இறக்கினோம். தோட்டா டின்னில் பென்சில்கள். துவக்குக்குப் பதில் இரவல் வாங்கிய தொலைநோக்கி ஒன்று. தண்ணீர், ரொட்டி, சம்பல், சவர்க்காரம் எல்லாம் பழையபடி. முதலில் கத்தி. ஏன் போட்டோம் என்று அப்போது கேட்டிருந்தால் எங்களுக்கே தெரியாது. பழக்கம்.

பிள்ளைகள் இருபது பேருக்கும் கேட்காத சத்தம் அவனுக்குக் கேட்டது. "சேர், அந்தப் பக்கம் ஒரு சோடி இரிக்கி" என்பான். ஐந்து நிமிடம் பொறுத்தால் ஒரு சோடி நடந்து வரும். தொலைநோக்கியில் முதல் தடவை கௌதாரியின் நெஞ்சுக் கோடுகளைப் பார்த்தபோது அவன் எதுவும் சொல்லவில்லை, அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கவும் இல்லை.

திரும்பும் வழியில் ஒரு பற்றைக்குள் அவன் நின்றான். மூன்று சுருக்குகள். ஒன்றில் இறகுகள் மட்டும் ஒட்டியிருந்தன, கீரியோ எதுவோ எடுத்துப் போயிருக்க வேண்டும். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். யார் வைத்தது என்று யாரோ கேட்டது. அவன் எங்களைப் பார்த்தான்.

"சேர், கத்தி இரிக்கா?"

பையைத் திறந்தோம். கத்தி கையில் தட்டுப்பட்டது. அவனே மூன்றையும் அறுத்தான். தங்கூசியைச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அவை யாருடையவை என்று நாங்கள் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. அவன் வீட்டில் கண்ணி வைப்பது நின்றுவிட்டது என்று சொல்லவும் எங்களிடம் ஆதாரம் இல்லை. காற்றுக் காலம் ஒவ்வொரு வருடமும் வரும், தோணி கரையில் கிடக்கும். அதற்கு ஒரு பறவைப் பயணம் பதில் ஆகாது என்பது எங்களுக்குத் தெரியும். ஊரில் வசதி உள்ளவர்கள் அந்த மாதங்களில் அப்படியான குடும்பங்களை நினைக்க வேண்டும். கௌதாரி இறைச்சிக்குக் காசு நீட்டுகிறவர்கள் அந்தக் கையை மடக்க வேண்டும். வாங்க ஆள் இல்லாவிட்டால் வைக்க ஆள் குறையும்.

ஆகவே, போன் எடுத்த சகோதரருக்கு இதுதான் எங்கள் பதில். கத்தி எங்கள் கையில் பத்திரமாக இருக்கும், பிள்ளைகளிடம் கொடுக்க மாட்டோம், ஒரு பிள்ளையைத் தவிர.

சனிக்கிழமைக்குப் பெற்றோர் கவனிக்க வேண்டியவை: சுபஹ் தொழுத கையோடு பாடசாலை வாசலுக்கு வாருங்கள். பிள்ளைக்குச் சப்பாத்து, நீளக் காற்சட்டை, தொப்பி. கடும் நிறச் சட்டை வேண்டாம், மண் நிறம் நல்லது. இரண்டு போத்தல் தண்ணீர். சாப்பாடு எளிமையாக, இலையில் அல்லது பெட்டியில், பொலித்தீன் வேண்டாம். ஒரு கொப்பி, ஒரு பென்சில். கெட்டப்போல் இருந்தால் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று உங்களுக்குச் செய்தி அனுப்புவோம்.

வாப்பா மௌத்தாகிப் பதினொரு வருடம். அவருக்காகத் துஆ செய்யுங்கள். உங்கள் வீட்டிலும் இப்படிக் கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்கினால், அதற்குள் என்ன இருந்தது என்று கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம்.